ஆறாவது முகாமின் கிணறு

பிப்ரவரி 3

அன்பு வாலுவுக்கு,

இங்கு நலம். அங்கும் நலம்தானா என்று கேட்டால் பதில் வர நாலு நாளாகும். அதுவரை நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ கிளம்பி இரண்டு நாள் ஆகிறது. அதற்குள் உன் அம்மா என்னை வாசலிலிருந்து நாலு தடவை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். "அவ கடலோரமா சைக்கிள்ல போயிட்டிருக்கா. நீங்க தெருவைப் பாத்துட்டு நின்னா வந்துடுவாளா?" என்கிறாள். அவள் மட்டும் சமையலறை ஜன்னலிலிருந்து அதே தெருவைத்தான் பார்க்கிறாள்.

நம் ஒப்பந்தத்தை மறுபடியும் எழுதுகிறேன், மறந்துபோச்சு என்று பிறகு சொல்லாதே. எங்கள் அலுவலகத் தாள்களிலிருந்து நான் படியெடுத்துக் கொடுத்த வரைபடத்தில் சிவப்பு மையில் பதினான்கு முகாம்கள் இருக்கின்றன. கூடாரம் அங்கேதான் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கடிதம், அதன் கீழே ஒரு படம்: கூடாரம், பாதை, காற்று வரும் திசை, தண்ணீர். என் கடிதங்கள் வழியிலுள்ள தபால் நிலையங்களில் உனக்காகக் காத்திருக்கும். ஒரு முகாம் தவறினாலும், ஒரு பொய் சொன்னாலும், பஸ் ஏறி வந்து சைக்கிளையும் உன்னையும் சேர்த்துக் கூரைமேல் கட்டிக் கொண்டுவந்துவிடுவேன்.

ஈர மணல் தெரிகிற இடத்தில் படுக்காதே. அலை அங்கே வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

உன் அப்பா


பிப்ரவரி 6
இரண்டாவது முகாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சிவப்புப் புள்ளி தாளில் ஒரு மில்லிமீட்டர். தரையில் அது ஒரு மைதானம். அந்த மைதானத்தில் எங்கே படுப்பது என்று உங்கள் தாள் சொல்லவில்லை.

முதலில் படகுகளுக்குப் பக்கத்தில் கூடாரத்தை விரித்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இங்க படுக்காதம்மா, படகு இழுக்கற பாதை. காலையில உன் மேலதான் ஏத்திட்டுப் போவோம்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனால் ஆணி நிற்காத பொடி மணல். இன்னும் தள்ளிப் போனால் நண்டு வளை, எண்ணி முடியாது. நாலாவதாகக் கலங்கரை விளக்கின் பின்சுவர் கிடைத்தது. காவலாளி தண்ணீர் கொடுத்தார், "யாரு வீட்டுப் பொண்ணு, தனியா விட்டிருக்காங்க?" என்று கேட்டார். வரைபட ஆபீஸ்காரர் வீட்டுப் பெண் என்றேன். அப்படியா, வழி தெரியும் என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நாலு மணி ஆனால் பயந்துபோய் இடம் தேட ஆரம்பித்துவிடுகிறேன். மிதிப்பது கஷ்டமில்லை, இன்றைக்கு எங்கே படுப்பது என்பதுதான் கஷ்டம். ஆனாலும் காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போது, இதை நானே தேடிப் பிடித்தேன் என்று ஒரு கர்வம் வருகிறது பாருங்கள், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பஸ் ஏறிவிடாதீர்கள்.

படம் கீழே. பாதை கோணலாக இருப்பதற்கு என் கைதான் காரணம், பாதை நேராகத்தான் இருக்கிறது.

உங்கள் வாலு


பிப்ரவரி 12

அன்பு வாலுவுக்கு,

மூன்று, நான்கு ஆகிய இரண்டு முகாம்களின் கடிதங்களும் வந்தன. நாலே வரி எழுதியிருக்கிறாய். படங்கள் மட்டும் வெகு சுத்தம், கோணல் இல்லை. அதைப் பேச இப்போது நேரமில்லை.

இந்தக் கடிதம் ஐந்தாவது முகாமில் உன் கைக்குக் கிடைக்க வேண்டும். ஆறாவது முகாமில் நான் காட்டியிருக்கும் கிணறு கிடையாது. தண்ணீரை நம்பி அங்கே போகாதே.

இன்று காலை அந்தத் தாளை எடுத்துப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கிணற்றை நானே கற்பனையாகப் போட்டேன். எங்கள் பிரிவில் அது வழக்கம். ஒவ்வொரு தாளிலும் இல்லாத ஒன்றை ஓர் ஓரத்தில் வைப்போம். யாராவது எங்கள் வரைபடத்தைத் திருடி அச்சிட்டால் அந்தப் பொய்யும் கூடவே போகும், பிடித்துவிடலாம். பார்த்துப் பார்த்து எனக்கே அது நிஜக் கிணறாகிவிட்டது. திருடனுக்கு வைத்த பொறியை என் மகளுக்குப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் 'நல்ல தண்ணீர்' என்று வேறு எழுதியிருக்கிறேன். என்னை என்ன சொல்வது.

ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் அறுபது கிலோமீட்டர் உப்பளம். குடிக்க ஒரு சொட்டு கிடையாது. தபால் நிலையத்துக்குப் போன் போட்டேன், லைன் செத்து ஒரு வாரமாகிறதாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இது உனக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா


பிப்ரவரி 13
ஆறாவது முகாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கிணற்றடியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிலும் உப்பளம், நடுவில் இந்தத் தண்ணீர் எப்படி இவ்வளவு இனிப்போ தெரியவில்லை. வாளி கட்டி இழுத்து, வயிறு முட்டக் குடித்து, தலைக்கும் குளித்தேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கூடாரம் கிணற்றுக்கு மேற்கே. காற்று தெற்கிலிருந்து. எல்லாம் சௌகரியம். ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள்.

உங்கள் வாலு


பிப்ரவரி 17

வாலு,

உன் ஆறாவது கடிதத்தைப் படித்ததும் முதலில் உயிர் வந்தது, நீ தாகத்தில் விழுந்து கிடக்கவில்லை என்று. உடனே அது போயும்விட்டது. நீ அங்கே போகவே இல்லை. இல்லாத கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறாய்.

மூன்று, நான்கு, ஐந்து படங்களையும் மேஜையில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான் கொடுத்த தாளிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாய். இருபத்தெட்டு வருஷமாகத் திருட்டுப் படிகளைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. என் மகளுடையதைப் பிடிக்க இவ்வளவு நாளாகியிருக்கிறது.

பையைக் கட்டி வாசல் வரை போனேன். எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது? தபால் முத்திரை ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அவ பொய் சொல்றான்னா நம்மகிட்ட சொல்ல பயமா இருக்குன்னு அர்த்தம். யாரு பயமுறுத்தினது?" என்று மட்டும் கேட்டாள்.

ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னை அழைத்துவர வர மாட்டேன். நீ கூப்பிட்டாலொழிய உன் கண்ணில் படமாட்டேன். இது சத்தியம். நீ எங்கே இருக்கிறாய், உடம்பு எப்படி இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் எழுது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதையே நாலு பிரதி எழுதி நாலு தபால் நிலையங்களுக்குப் போடுகிறேன்.

அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நாலில் ஒன்று கிடைத்தது. அதைப் படித்த இடத்திலேயே அழுதேன்.

நான் மூன்றாவது முகாமை விட்டு நகரவே இல்லை. அன்று சாயங்காலம் உங்கள் புள்ளியைத் தேடி அலைந்தேன். மேடெல்லாம் முள், பள்ளமெல்லாம் ஈர மணல். தாளையும் பார்த்து, பாதையையும் பார்த்து மிதித்ததில் ஒரு சின்னப் பாலத்திலிருந்து சைக்கிளோடு கீழே விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், மார்ச் பத்தாம் தேதி பிரிப்பார்கள். வேறு ஒன்றும் இல்லை. இது நிஜம்.

என்னைத் தூக்கிவந்தது இங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் அக்கா. கடைக்குப் பின்னால் டயர் அடுக்கிய அறையில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒற்றைக் கையால் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். உப்பு ஏற்றும் லாரி அண்ணன் கரையோரம் போய்வருகிறவர். என் கடிதங்களைப் போட்டதும் உங்களுடையதை என் சீட்டைக் காட்டி வாங்கிவந்ததும் அவர்தான். கிணற்றைப் பற்றிய கடிதம் கைக்கு வந்தபோது என் பொய் தபாலில் போய்விட்டிருந்தது. அப்போதே உண்மையை எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். விழுந்த உடனே வலிக்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, அப்பா வந்து கட்டிக்கொண்டு போய்விடுவார் என்பதுதான். பிறகு ஆயுசுக்கும் தனியாக எங்கேயும் விடமாட்டீர்கள்.

கட்டுப் பிரித்ததும் இங்கிருந்தே தொடர்ந்து போக ஆசை. வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன். பொய் சொன்னவளுக்கு அடம் பிடிக்க வாயில்லை.

மன்னியுங்கள்.

வாலு


பிப்ரவரி 25

அன்பு வாலுவுக்கு,

போய்வா.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இரண்டு நாளாயிற்று. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் மாற்றி எழுதிவிடக் கூடாது என்று.

கையைப் பார்த்துக்கொள். பிரேக் பிடிக்க வலித்தால் இறங்கித் தள்ளு. முகாம் இடத்தை இனி நீயே பார்த்துக்கொள், என் புள்ளிகளை மறந்துவிடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறாவது முகாமில் மட்டும் நான் குறித்த இடத்துக்குப் போய்ப் பார்.

கடை அக்காவுக்கு எங்கள் நன்றியைச் சொல்.

உன் அப்பா


மார்ச் 19
ஆறாவது முகாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை நிஜமாகவே ஆறாவது முகாம். ஐந்தில் ஏற்றிய தண்ணீர் மத்தியானமே பாதிக்குக் கீழே போய்விட்டது. நாலு மணிக்கு வழக்கம் போல இறங்கி இடம் தேட ஆரம்பித்தேன். கண்ணுக்கெட்டியவரை வெள்ளை வெளேர் என்று உப்பு. கிணறு இல்லை என்று தெரிந்தும் உங்கள் தாளைப் பிரித்து, அதில் காட்டியிருக்கும் உப்பளத்து மதகிலிருந்து கிழக்கே அடி எண்ணி நடந்தேன்.

எண்ணி முடித்த இடத்தில் நாலு கம்பி நட்டு, நடுவில் மணலில் பாதி புதைத்து, மூன்று தண்ணீர் கேன்கள். ஒன்றில் சீட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு மை. 'நல்ல தண்ணீர்.'

லாரி அண்ணன் இறக்கிப் போட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்கு அளவு நாடா பிடிக்கத் தெரியாது. தாளில் கிணறு இருக்கும் இடத்துக்கும் இதற்கும் ஒரு சாண் வித்தியாசம் இல்லை. போன வாரம் அம்மா எழுதியிருந்தாள், நீங்கள் ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் வெளியூர் போயிருப்பதாக.

லாரி எங்கள் கடை வழியாகத்தான் வர வேண்டும். மார்ச் எட்டாம் தேதி மத்தியானம் நான் வாசலில் உட்கார்ந்து ட்யூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் எப்போதும் ஹாரன் அடித்து, நிறுத்தி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அன்றைக்கு ஹாரன் இல்லை. மெதுவாகக் கடந்து போனது, நிற்கவில்லை. கோபமோ என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்தீர்களா அப்பா? மாவுக்கட்டோடு இருந்தேனே, இறங்கி வந்திருக்கலாமே.

படம் கீழே. கூடாரம், பாதை, காற்று. கிணற்றை நீங்கள் போட்ட இடத்திலேயே போட்டிருக்கிறேன். தண்ணீர் இனிப்பாகத்தான் இருக்கிறது.

பதினான்காவது முகாமுக்கு ஏப்ரல் இரண்டாம் தேதி போய்ச் சேருவேன். நீங்களும் அம்மாவும் பஸ் ஏறி வாருங்கள். நான் கூப்பிடுகிறேன்.

உங்கள் வாலு