பேசாமல் சுரண்டியது

கணபதி, கோவை
12.06.2025

அன்புள்ள மெர்வினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் எனக்கும் சாராவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் கேட்க வேண்டியதை எதற்கு மெயிலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரித்தால் நானும் சிரித்துவிடுகிறேன். வைத்த பிறகுதான், கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்று உறைக்கிறது.

சாரா யு.கே.ஜி. போகத் தொடங்கிவிட்டாள். அப்பா என்ன செய்கிறார் என்று மிஸ் கேட்டதற்கு, "எங்கப்பா கனடாவுல காசு சொரண்டறாரு" என்றாளாம். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். "குடோன்ல வேலைங்க மிஸ். லீவு நாள்ல லாட்டரி டிக்கெட் சுரண்டி யூடியூப்ல வீடியோ போடுவாருங்க" என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

போன வார வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபடி பரிசு விழாததை எல்லாம் வேகமாக ஓட்டிவிட்டு, விழுந்த இரண்டை மட்டும் மெதுவாக விட்டேன். ஸ்டுடியோவில் பகல் முழுக்கக் கல்யாண வீடியோ வெட்டுகிறேன். அங்கேயும் அழுகையை வெட்டிச் சிரிப்பை வைப்பதுதான் வேலை, அதனால் கை பழகிவிட்டது. மே மாதம் நீங்கள் ஜெயித்த முந்நூற்றுப் பத்து டாலரில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாயைக் காணிக்கை உறையில் போட்டுச் சபையில் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் அக்கா நேற்று இரண்டாயிரம் ரூபாயை என் கையில் திணித்தார். "அடுத்த தடவ சொரண்டறப்போ என்ற பேரையும் சேத்திக்கச் சொல்லு கண்ணு" என்கிறார். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிய காலத்தில், அவர் வீட்டுக்காரர் சுரண்டல் டிக்கெட்டில் கூலியைத் தொலைத்த கதையை எனக்குச் சொன்னதே இவர்தான். "அப்புறம் எதுக்குங்க்கா?" என்றேன். "அது இங்க. அதையத்தான் தடை பண்ணிப்போட்டாங்களே. இது கனடா. உன்ற ஊட்டுக்காரருக்குத்தான் வாரா வாரம் உழுகுதே, நான் பாக்கறனில்ல?" என்றார். வாங்க மாட்டேன் என்று சொல்லச் சொல்ல வைத்துவிட்டுப் போய்விட்டார். வேதாகமத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் லாட்டரிக்கென்று ஒருவரிடம் பணம் வாங்குவது எவ்வளவு பெரிய குற்றம்! கேட் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன்.

நாங்கள் அங்கே வருவதற்கு விசா ஏஜென்ட் உங்கள் வங்கிக் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கிறார். நானும் உங்களிடம் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
ஃபெமினா


ஸ்கார்பரோ
14.06.2025

ஃபெமி கண்ணு,

உன் மெயிலைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்தே போனேன். அம்மணி வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய்!

காசு சுரண்டுகிறார் என்று சாரா சொன்னதை இங்கே அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தோம். வள்ளியாத்தாள் அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஆனால் யோசித்துப் பார், எதிர்வீடு பக்கத்து வீடெல்லாம் நம் சேனலைப் பார்க்கிறது என்றால் நாம் வளர்கிறோம் என்றுதானே அர்த்தம்?

டிக்கெட்டுக்குப் போடும் பணத்தைச் செலவு என்று நினைக்காதே. ஓட்டல் வைப்பவன் அரிசி வாங்குவதில்லையா? அது மாதிரி இது முதலீடு. டிக்கெட்டில் கொஞ்சம் போகும், யூடியூபில் திரும்பி வரும். நடுவில் ஒரு பெரிய பரிசு விழுந்தால் நீயும் பாப்பாவும் ஜன்னலோர சீட்டில் வரலாம்.

ஸ்டேட்மென்ட் அடுத்த வாரம். பேங்க் ஆப்பில் ஏதோ கோளாறு. தசமபாகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் மெர்வின்


கணபதி
29.06.2025

அன்புள்ள மெர்வினுக்கு,

இந்த வாரம் வீடியோ அனுப்பும்போது ஒரு ஃபோல்டருக்குப் பதில் ஐந்து ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டீர்கள். தெரியாமல் நடந்தது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதல் ஃபோல்டரில் "வணக்கம் மக்களே" என்கிறீர்கள், கைதட்டுகிறீர்கள், விழாத டிக்கெட்டுக்கு "போனா போகுது போ" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுகிறீர்கள். அது நான் வாரா வாரம் வெட்டும் மெர்வின். மற்ற நான்கிலும் அதே நீலச் சட்டைதான், அதே மேசைதான். ஆனால் நீங்கள் பேசவே இல்லை. ஒன்றைச் சுரண்டி, பார்த்து, கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறீர்கள். ஒரு இடத்தில் எழுந்து போகிறீர்கள். கதவுச் சத்தம், படியேறும் சத்தம். பிறகு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் புதுக் கட்டோடு வந்து உட்காருகிறீர்கள். உங்கள் அடித்தள அறைக்கு மேலே இருக்கும் டிக்கெட் கடைக்குத்தானே போனீர்கள்? ஒரு டிக்கெட்டில் நூறு டாலர் விழுந்தது. நீங்கள் சிரிக்கவே இல்லைங்க. ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள்.

யாருக்கும் காட்டாமல் அவ்வளவு நேரம் யாருக்காகச் சுரண்டினீர்கள்?

தேதியைப் பார்த்தால் அந்த நான்கும் மே மாத ஃபோல்டர்கள். தசமபாகக் கணக்கைத் திரும்பப் போடலாம் என்று எல்லாவற்றையும் கூட்டினேன். மே மாதம் மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு டாலருக்கு டிக்கெட். விழுந்தது தொள்ளாயிரம். யூடியூப் கொடுத்தது நம் பணத்தில் பதினோராயிரம் ரூபாய், உங்கள் பணத்தில் நூற்றெண்பது டாலர். உங்கள் சம்பளத்தில் பாதி அந்த மேசைக்குக் கீழே கிடக்கிறது. இத்தனை மாதமாக ஜெயித்ததில் மட்டும் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தோற்றதைக் கழித்தால், கர்த்தருக்குக் கொடுக்க நம்மிடம் வருமானம் என்று ஒன்று இருக்கிறதா?

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் இருக்கிறதா இல்லையா? ஒரு வார்த்தை எழுதுங்கள். திட்ட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபெமினா


ஸ்கார்பரோ
30.06.2025

ஃபெமி,

புருஷனை வேவு பார்க்கும் வேலையை எப்போது ஆரம்பித்தாய்? கேமராவை அணைக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வருகிறவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் குற்றமா?

ஜெயித்ததற்குத்தான் தசமபாகம். தோற்றதைக் கர்த்தரிடமா போய்க் கேட்க முடியும்?

பணம் இருக்கிறது. கொஞ்சம் குறையும். ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும். அந்த நாலு ஃபோல்டரையும் அழித்துவிட்டு முதலாவதை மட்டும் ஏற்று. ஞாயிற்றுக்கிழமை தவறினால் ஆட்கள் போய்விடுவார்கள்.

மெர்வின்


கணபதி
07.07.2025

அன்புள்ள மெர்வினுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. ஏற்றிவிட்டேன்.

ஐந்து ஃபோல்டரையும் வெட்டாமல், வேகமாக ஓட்டாமல், பாட்டுப் போடாமல் அப்படியே ஏற்றினேன். டிக்கெட்டுக்குப் போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று திரையின் மூலையில் ஓடும்படி மட்டும் வைத்தேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் சிரித்திருப்பீர்கள், அல்லது கத்தியிருப்பீர்கள். இரண்டுக்கும் நான் பணிந்துபோயிருப்பேன்.

வள்ளியாத்தாள் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நேற்று முழுவதையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே, "போதும் நிறுத்து கண்ணு. எங்கூட்டுக்காரரு இப்படித்தான் உக்காந்திருப்பாரு. கூப்புட்டாக் காதே கேக்காது" என்றார். இரண்டாயிரத்தைக் கொடுத்தபோது எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அவர வரச் சொல்லிப்போடு அம்மணி. நீ அங்க போகாதே" என்றார்.

இதை நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் பார்ப்பார்கள். உங்களுக்கு அவமானமாக இருக்கும். எனக்கும்தான். இனி அந்த மேசையில் உட்கார உங்களுக்கே மனசு வராது என்ற ஒரே நம்பிக்கையில் செய்தேன். கோபம் தீர்ந்ததும் கூப்பிடுங்கள்.

ஃபெமினா


ஸ்கார்பரோ
13.07.2025

என் ராஜாத்தி,

கோபமா? உன் காலில் விழ வேண்டும்! முதல் நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன், மறைக்கவில்லை. அடுத்த நாள் பார்க்கிறேன், எண்பதாயிரம் பேர். இன்றைக்கு நாலு லட்சம்! நம் சேனலில் எதுவும் இவ்வளவு ஓடியதில்லை. கமென்ட் படித்தாயா? "அண்ணன் தோக்கறப்பதான் பாக்க நல்லா இருக்கு" என்று ஒருவன். "அடுத்தது எப்போண்ணா, ஃபுல்லா நஷ்டம் ஆகணும்" என்று இன்னொருவன். மூலையில் கணக்கு ஓடவிட்ட யோசனை எங்கிருந்து வந்தது உனக்கு? படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்.

எனக்கு இப்போதுதான் வழி புரிகிறது. ஜெயித்தாலும் வருமானம், தோற்றாலும் வருமானம். இனிப் பயப்படவே வேண்டாம் ஃபெமி. இருபது டாலர் டிக்கெட்டில் தோற்றதற்கே இந்தக் கூட்டம் என்றால், நூறு டாலர் டிக்கெட்டில் தோற்றால்?

இரண்டு முழுக்கட்டு வாங்கிவிட்டேன். விசாவுக்கு வைத்திருந்ததில் மீதி இருந்ததை எடுத்தேன். ஒரே மாதம்தான், இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஃபைல் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றையும் வெட்டாதே. நான் பேசாமல் இருக்கும் இடத்தை நிச்சயமாக வெட்டாதே. ஜனங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

உன் மெர்வின்


கணபதி
25.07.2025

அன்புள்ள மெர்வினுக்கு,

நீங்கள் அனுப்பிய ஃபைல்களை நான் திறக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் சொல்வது சரியென்று தோன்றிவிடுமோ என்று பயம்.

உங்களைத் தடுக்க நினைத்துச் செய்தேன். நீங்கள் விழுவதைப் பார்க்க நாலு லட்சம் பேரை நானே கூட்டி உட்கார வைத்துவிட்டேன். அதில் ஒருவராவது போதும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். முதல் நூறு கமென்டுக்கு மேல் படிக்க முடியவில்லை.

உங்கள் மெயிலைப் படித்த மறுநாள் விசா ஏஜென்டைப் பார்த்து, எங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டையும் திருப்பி வாங்கி வந்தேன். நாங்கள் அங்கே வரவில்லைங்க. அந்த வீடியோவுக்காக என் கணக்கில் பணம் வந்தது. ஸ்டுடியோவில் இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டு வாங்கி, அதோடு சேர்த்து உங்களுக்கு விமான டிக்கெட் போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, டெல்லி வழியாகக் கோவைக்கு. இதோடு இணைத்திருக்கிறேன். வருவதற்கு மட்டும்தான், திரும்பிப் போவதற்கு இல்லை.

சேனலை நேற்று அழித்துவிட்டேன். என் பேரில் இருந்ததால் உங்களைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இனி முதலீடு என்று சொல்ல முடியாது, வீடியோவுக்கு என்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்தால், எதற்காக உட்காருகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அதைத்தான் நினைக்கப் பயமாக இருக்கிறது.

இங்கே கணபதியில் குடோனுக்கா பஞ்சம்? எந்த வேலையானாலும் சரி. நீங்கள் அங்கே போக வாங்கிய கடனை இரண்டு பேருமாக அடைப்போம். யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன். அப்பா வருகிறார் என்று சாராவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

வந்துவிடுங்கள். வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

ஃபெமினா


ஸ்கார்பரோ
08.08.2025

ஃபெமி,

கோபப்படாதே. அந்த விமான டிக்கெட்டை இன்றைக்குள் கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்பி வரும்? பார்த்துச் சொல். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மெர்வின்