தண்ணி வண்டி நிற்கும் கேட்

அக்கா,

இன்று காலை தலைக்கு டை கலக்க உட்கார்ந்தேன். அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியதும் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்னாச்சு உனக்கு?" என்றார். ஐஸ் ஃபேக்டரியில் கசிந்த அமோனியாவுக்கும் இந்த டைக்கும் ஒரே நெடி. நீங்கள் இருந்திருந்தால், "கவுன்சிலரம்மா தலை மட்டும் கருகருன்னு இருக்குது, வார்டுல ஒரு லைட்டும் எரியல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பீர்கள்.

தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவர் நீங்கள். பாத்திரக்கடைக் குடும்பம், ஓசூரில் உங்களைத் தெரியாதவர் குறைவு. நானோ, புருஷனுக்குக் கம்பெனி வேலை கிடைத்து விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவள். எப்படியோ ஜெயித்துவிட்டேன். மறுநாள் காலை என் வாசலில் நீங்கள் நின்றீர்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். "ஜெயிச்சுட்ட இல்ல? சந்தோசம். வா, உன் வார்டைக் காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அப்படித்தான் அந்த லைன் வீடுகளுக்குள் முதல்முறை முழுசாக நடந்தேன். ஒரே சந்து. இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று வாசலுக்கு ஒரு பேச்சு. சந்தின் வாயில் ஐஸ் ஃபேக்டரி, அதைத் தாண்டினால் கம்பெனி பஸ் நிற்கும் ரோடு. மறுமுனையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். நீங்கள் அந்தச் சுவரைத் தட்டி, "ஐஸ் ஃபேக்டரில காஸ் லீக் ஆச்சுன்னா இவங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க? சொல்லும்மா கவுன்சிலரு" என்றீர்கள்.

அந்தச் சுவருக்காக நாம் ஏறாத படி இல்லை. மாநகராட்சியில் கேட்டால், "சுவர் பஞ்சாயத்து எல்லையில இருக்குதும்மா" என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், "உள்ள இருக்கிறது உங்க ஜனம்தானே?" என்றார்கள். நடுவில் மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி என்று சந்து முழுக்கப் பச்சை அம்புக்குறி போட்டு, பஸ் ஸ்டாப்பில் 'ஒன்று கூடும் இடம்' என்று ஒரு பலகையும் நட்டது. நீங்கள் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. "யா அல்லா! காஸுக்குப் பயந்து காஸ் வழியாவே ஓடச் சொல்றானுங்களே!" அன்று மாமன்றக் கூட்டத்தில் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக் கத்தினேன். என் கட்சிக்காரர்களே என்னை முறைத்தார்கள்.

கடைசியில் சுவரை இடித்து இரும்புக் கேட் வைத்தார்கள். வைத்த கையோடு பஞ்சாயத்து ஒரு பூட்டும் போட்டது. மாடு வரும், திருடன் வருவான் என்று காரணம். சாவி அவர்கள் ஆபீசில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வண்டியை இனிமே இந்தக் கேட்டுக்கு வெளியே நிக்க வை" என்றீர்கள்.

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"நிக்க வைம்மா. அது உன் கையில இருக்குது இல்ல?"

நிறுத்தினேன். அடேயப்பா, என்ன ஏச்சு! சந்தின் வாயில் சுகமாகக் குடம் நிரப்பியவர்கள் கடைசி வரை நடக்க வேண்டியதாகிவிட்டது. "ஓட்டுப் போட்ட பாவத்துக்கு இடுப்பு ஒடியுது" என்றாள் ஒருத்தி. அடுத்த தேர்தலுக்கு எனக்குக் குழி தோண்டுகிறீர்கள் என்றே நினைத்தேன், முகத்துக்கு நேராகக் கேட்டும்விட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்களே தவிர, காரணம் சொல்லவில்லை.

அதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள். கடையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்த மாதிரி அழுதேன், அக்கா. அதன் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு மத்தியானம், ஒரு தெரு விளக்குப் புகாரைப் பார்க்க அந்தச் சந்துக்குப் போயிருந்தேன். ஐஸ் ஃபேக்டரியில் சங்கு ஊதியது. நம் ஜனம் சங்குக்குப் பயப்படுமா? கம்பெனிச் சங்கு கேட்டே தூங்கி எழுந்தவர்கள். ஷிப்டு சங்கு என்று நினைத்துச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கிறார்கள்! அதற்குள் நெடி வந்துவிட்டது. கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது, குழந்தைகள் வீறிடுகின்றன. அப்போதும் கால் பழகிய பக்கமே எல்லோரும் ஓடினார்கள். "பின்னாடி! பின்னாடி ஓடுங்க!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. எதற்குப் பின்னாடி என்று யாருக்குத் தெரியும்?

அப்போது ஒரு கன்னடக்காரப் பெண், கையில் காலிக் குடத்தோடு, "நீரு காடி! நீரு காடி!" என்று அலறினாள். இன்னொருத்தி, "தண்ணி வண்டிப் பக்கம் ஓடுங்கடி!" என்றாள். சந்தே திரும்பியது, அக்கா. தினம் குடத்தோடு நடந்த வழி, யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும் ஒரு குழந்தையை வாரிக்கொண்டு ஓடினேன். கேட்டில் மறுபடியும் பூட்டுத் தொங்குமோ, தொங்குமோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கேட் திறந்து கிடந்தது. தண்ணி வருகிற வழியைப் பூட்டினால் நம் பெண்கள் சும்மா விடுவார்களா? வண்டி அங்கே நின்ற முதல் வாரமே பூட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தவர்கள் அல்லவா! நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று அந்தக் கேட்டைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. காற்று அன்று ரோட்டைப் பார்த்து வீசியது. பஸ் ஸ்டாப்பில் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண் எரிச்சலோடு சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

இப்போது சந்துக்குள் குழாய்த் தண்ணி வந்துவிட்டது. எனக்கு மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். தண்ணி வண்டி நின்றுவிட்டது. போன வாரம் போய்ப் பார்த்தால் கேட்டில் புதுப் பூட்டு. பஞ்சாயத்தில் கேட்டதற்கு, "இப்ப அந்தப் பக்கம் யாரும்மா வர்றாங்க?" என்கிறார்கள். மாநகராட்சியில் பழையபடி எல்லைக் கதை. ஜனம் உயிரோடு வெளியே போக வழி வைப்பது நம்முடைய வேலை, அக்கா. அதைத் தண்ணியைக் காட்டி, தந்திரம் பண்ணிச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வருகிறது. கூட்டத்தில் மறுபடியும் கத்தத்தான் போகிறேன். ஆனால் அவர்கள் எல்லையைப் பேசி முடிக்கும் வரை காஸ் காத்திருக்காது.

அதனால் நேற்று சந்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாளையிலிருந்து குப்பை வண்டி உள்ளே வராது, பின் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். "இவ்ளோ தூரம் குப்பையைத் தூக்கிட்டு நடக்கணுமா? இந்தம்மாவுக்கு என்ன கிறுக்கா?" என்று ஒருத்தி என் காதுபடக் கேட்டாள். இன்னொருத்தி, "அங்கதான் பூட்டிக் கிடக்குதே, எப்படிப் போறது?" என்று சண்டைக்கு வந்தாள்.

"ஆமா, பூட்டிக் கிடக்குது" என்றேன். காரணம் சொல்லவில்லை, அக்கா. சிரித்துவிட்டு வந்தேன்.