டாக்டர் காரின் நடுக்கம்

1974, செவ்வாய்க்கிழமை

எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வருகிறது. படிக்கப் போவது நான்தான், பொறுத்துக்கொள்கிறேன்.

மகன் அந்தோணியின் மில்லர்புரம் பட்டறையில் டாக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மூன்று நாளாக நிற்கிறது. வேகமாகப் போனால் ஒழுங்காக ஓடும். நிறுத்தி மெதுவாக ஓடவிட்டால் இன்ஜின் காய்ச்சல்காரன் போல் நடுங்கும். இன்று சரியாகாவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உப்புக் காத்துதான்" என்று அந்தோணி பிளக்குகளை மாற்றியிருந்தான். இந்த ஊரில் எது கெட்டாலும் பழி உப்பின் மேல்தான்.

முத்துக் குளித்ததில் என் காது மந்தம். ஆனால் நீரோட்டத்தைத் தோல் அறியும். இன்ஜின் ஓடும்போதே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் அதோடு சேரும் இடத்தில் ஈர விரலை நீட்டினேன். காற்று போகக்கூடாத இடுக்கில் சில்லென்று உள்ளே இழுத்தது.

"ஏலே, இங்கன காத்த உறிஞ்சுதுலே."

"யப்பா, அது என்ன முத்துக் குளிக்கவா போவுது, மூச்சு இழுக்க?" என்று காதருகே கத்திச் சிரித்தான். ஆனாலும் அங்கே எண்ணெய் விட்டான். எண்ணெய் இடுக்கை அடைத்ததும் நடுக்கம் நின்றது. அத்தனை இரும்பும் ஒரு சொட்டுக்கு அடங்கியதே! எனக்கு மெய்சிலிர்த்தது. பிறகு அந்த இடுக்கில் கிழிந்திருந்த பேக்கிங் அட்டையை மாற்றினான்.

சாயங்காலம் டாக்டரிடம், "கண்டுபிடிச்சது எங்க அப்பா" என்றான். அவர் என்னையும் ஏற்றிக்கொண்டு துறைமுகம் வரை ஓட்டினார். அதை எழுத விரலில் தெம்பில்லை. அடுத்த வாரம் உட்கார்ந்து எழுத வேண்டும்.