நீ இல்லாத சராசரி

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து நண்டு கொதிக்கும் வாசம் வந்தது. எழுந்து போய் யன்னலைச் சாத்தினேன். பிறகு வேலை ஓடவில்லை. உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

மணல் ஈ கடித்துத் தொற்றும் ஒட்டுண்ணி நோயைத்தான் அப்போது நாம் இருவரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அந்தத் தோல்புண் சிலருக்குச் சீக்கிரம் ஆறிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆறாது. ஆறாதவர்களின் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. தென்மராட்சிப் பக்கமெல்லாம் உன் ஸ்கூட்டியில் போய் நோயாளிகளிடம் இரத்தம் எடுத்து வந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டுமே, யார் சும்மா கையை நீட்டுவார்கள்? ஒருநாள் நம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நீயே சட்டைக் கையை மடித்தாய்.

"எடி, என்ரை ரத்தத்தை எடு. என்னை விடச் சுகமான ஆளை எங்கை பிடிக்கப் போறாய்?"

எல்லோரையும் விட, நோயாளிகளையும் விட, உன் அளவுதான் கூட வந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பருத்தித்துறைக்காரியின்ரை ரத்தமெல்லோ. அம்மா வைச்ச நண்டு முழுக்க அதிலை நிக்குது." நண்டு தின்றால் அந்த அமிலம் ஏறும்தான். நானும் சிரித்தேன். ஒரு கிழமை மரக்கறி மட்டும் சாப்பிட்டுவிட்டு மறுபடி கொடுத்தாய். இறங்கவில்லை, இன்னும் ஏறியிருந்தது. நீ கழுத்தைத் தடவி, "இதிலை ஒரு கட்டி மாதிரிக் கிடக்கடி," என்றாய். கன நாளாகவே இருந்ததாம்.

இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த அமிலத்தை ஏற்றியதும் அதுதான். வார்ட்டில் உன்னைப் பார்க்க வந்தபோது உன் தலையில் முடி இல்லை. நான் சுகம் விசாரிக்க முன்னமே நீ கேட்டாய்:

"என்ரை அளவை என்ன செய்தனீ?"

"அப்பிடியே கிடக்கு."

"எடுத்துவிடு. நான் சுகமான ஆள் இல்லை. என்னையும் சேர்த்துச் சராசரி போட்டால் கணக்குப் பிழைச்சுப் போகும்."

"நீ சுகமாகி வா. பிறகு பாப்பம்."

"கதையை மாத்தாதை. அந்தச் சனத்துக்குப் பிழையான முடிவு சொல்லக்கூடாது."

நீ திரும்பி வரவில்லை. உன் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து ஆய்வுகூடம் போன அன்று, நோயில்லாதவர்களின் கணக்கிலிருந்து உன் அளவை நீக்கினேன். அதுவரை மங்கலாயிருந்த வித்தியாசம் சட்டென்று தெளிவாயிற்று. புண் ஆறாதவர்களுக்கு அந்த அமிலம் கூடத்தான் இருந்தது. அதனால் புண் ஆறவில்லையா, புண்ணால் அது கூடியதா என்பது இன்னும் தெரியாது. ஆனாலும் நம் பேராசிரியர் எழுந்து வந்து கைகொடுத்தார். எனக்குக் கை கூசியது.

கட்டுரை அச்சில் வந்ததும் உன் அம்மாவிடம் கொண்டுபோனேன். எழுதியவர்களின் வரிசையில் உன் பெயரைக் காட்டினேன். அவர் அதோடு நிற்கவில்லை.

"தன்ரை ரத்தமும் இதிலை இருக்கெண்டு சொன்னவள். எந்த இடத்திலை, பிள்ளை?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தபடி, நீக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "ஓம் அம்மா, இருக்கு," என்று ஓர் அட்டவணையைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

நீ இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பாயா? பஸ்ஸில் திரும்பும்போதும் யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். வேலை தொடர்கிறது. நோயில்லாதவர்கள் இப்போதும் வந்து கையை நீட்டுகிறார்கள். ஊசியைக் கையில் எடுக்க முன் ஒவ்வொருவரிடமும், "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்கிறேன். "ஓம்" என்று சிரிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.