பெரிய போனை வாங்காமல் வந்தது

அன்பு மகன் அர்ஹந்துக்கு அம்மா எழுதுவது. அருகன் அருளால் செவிலிமேட்டில் நானும் உன் அப்பாவும் சுகம். அந்த பின்லாந்துக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேணுமென்று காலையில் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் கேட்டுக்கொண்டு வந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். நாலு வார்த்தை நிதானமாய்ச் சொல்ல எனக்குப் பேனாதான் தோது, எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து அனுப்ப அப்பாவிடம் சொல்கிறேன். அவருக்கு நெல் வியாபாரம் இந்த வருஷம் பரவாயில்லை, முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை.

அந்தப் பெரிய போனைத்தான் வாங்கணும், விலை குறைந்ததை வாங்கினால் நான் சம்பாதிப்பதற்கே அர்த்தமில்லை என்று கண்டிப்பாய்ச் சொல்லித்தான் பணம் அனுப்பினாய். அப்படியிருந்தும் நான் சின்னதோடு வீட்டுக்கு வந்தேன், அது ஏன் என்று உன் மனசு கோணாமல் சொல்லணும். வியாழக்கிழமை வெளிச்சத்திலேயே சாப்பிட்டு, அடுப்படியைக் கழுவிவிட்டு பஸ் ஏறினோம். தை மாசக் கல்யாணங்களுக்குப் பட்டு எடுக்க வந்த கூட்டம், காந்தி ரோட்டில் கால் வைக்க இடமில்லை. போன் கடையில் ஷாரோன் என்று ஒரு பெண், ரொம்பப் பொறுமைசாலி, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எழுத்து பெரிசாய்த் தெரியுமா, ஸ்தோத்திரம் கேட்கலாமா, சார்ஜ் நிக்குமா என்று நான் கேட்டதற்கெல்லாம் ரெண்டுமே செய்யும் ஆன்ட்டி, படம்தான் பெரிசுல அள்ளும் என்றாள். அப்படின்னா பையனையே கூப்பிட்டுப் பார்த்துடலாம் என்றார் அப்பா.

கார்த்திகையிலிருந்து நீ முகம் காட்டிப் பேசுவதையே விட்டிருந்தாய், வெறும் குரல்தான். சாப்பிட்டியா என்றால் ஆச்சும்மா என்பாய். பழைய போன்தான் கெட்டுப்போச்சு என்று நாங்களும் இருந்துவிட்டோம். அன்றைக்குச் சின்ன போனில் நீ பனிக்குள் நிற்கிற மாதிரி மங்கலாய்த் தெரிந்தாய். பெரிசில் கூப்பிட்டதும் உன் காதோரத்து மச்சம்கூடத் தெரிந்தது. கூடவே உன் பின்னால் ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்ததும், கையில் தட்டும், தட்டில் பருப்புச் சோறும் தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்ச் சோறுகூடச் சாப்பிடாத ஜைன வீட்டில் வளர்ந்த பிள்ளை. பழமென்றால் அவ்வளவு குற்றமில்லையே, என்னப்பா, பழமா என்று அப்பா உனக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார். நீ அந்த வழியில் போகவில்லை, தட்டையும் நகர்த்தவில்லை. "பழம் இல்லப்பா, சோறுதான். இங்க ரெண்டு மணிக்கே இருட்டிடுது. வேலை விட்டு வந்து இப்படித்தான் தினமும் சாப்பிடறேன். அம்மாகிட்ட சொல்ல முடியாமத்தான் முகம் காட்டல" என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிடுப்பா என்று மட்டும் சொல்லி நான் வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டுதானே அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை? கோபமில்லை கண்ணா, அத்தனை பேர் பார்க்க மேலே பேச வேண்டாமென்றுதான் வைத்தேன். சாப்பாட்டு நியமம் ஒன்று தவறியது நிஜம். ஆனால் தப்பித்துக்கொள்ளச் சுலபமாய் ஒரு பொய் கையில் கொடுத்தும் வாங்காத பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்று, அந்தக் கடை நடுவில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பார்த்தீங்களா ஆன்ட்டி எவ்ளோ க்ளியர், பில் போட்டுடட்டுமா என்றாள் ஷாரோன். சின்னதுக்குப் போடும்மா என்றேன். காசு பத்தவில்லையோ என்று பாவம் தவணைத் திட்டமெல்லாம் சொன்னாள். பையன் மாட்டிக்கினான்னு பரிதாபப்பட்டியா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா கிண்டல். வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுக் கங்கையம்மாள், புள்ள வெளிநாட்டுல இருக்கான், அம்மா கையில இதுதானா என்று உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு இது போதும்மா என்று சொல்லிவிட்டேன், முழுக்கதை அவளுக்கு எதற்கு. உனக்குச் சொல்கிறேன். நான் கணக்குப் பார்க்கிறவள்தான், ஆனால் இது காசை மிச்சம் பிடிக்கச் செய்ததில்லை, உன் சம்பாத்தியத்தைக் குறைவாய் நினைத்தும் இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்கிற பிள்ளையின் தட்டை நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மிச்சப் பணம் உன் பேரிலேயே பேங்கில் போட்டாச்சு, நல்ல கம்பளிக் கோட்டாய் வாங்கிக்கொள்.

நியமத்தைப் பற்றி எனக்குப் படித்துத் தெரிந்தவரைக்கும் சொல்கிறேன். விளக்கைச் சுற்றி வந்து சோற்றில் விழுகிற சின்ன உயிர்களுக்காக ஏற்பட்டது அது. அந்த உயிர்களில் நீயும் ஒருத்தன், பட்டினி கிடக்காதே. லீவு நாளில் மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடி, கோடை வந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். தயிர் அங்கே கிடைக்கிறது என்றாயே, விடாதே. அருகன் உனக்கு நிறைந்த ஆயுளும் கலங்காத மனசும் தரட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் முகம் காட்டிக் கூப்பிடு. நீ சாப்பிடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டே பேசுகிறோம்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துத் தலைநிமிர்ந்து நடக்கும்
அம்மா அஞ்சனா