மகாராணிக்கு ஒரு வேர்க்கட்டை

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் மீன்களும் சுகம். இந்த இரண்டாவது வரியை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

"நான் இனிமே அங்க வரப்போறதில்லம்மா. மீன் தொட்டிய வாங்கின கடைக்காரர்கிட்டயே குடுத்துடுங்க, உங்களால முடியாது" என்று நீ போனில் சொன்னதும் கடைக்காரரை வரச்சொன்னேன். அப்போது உன் பெண் மீன் மகாராணி தீனி தின்னாமல் வடிகட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். அவள் ஜோடி மந்திரியும் அவளோடு. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணாமா? நடுத்தெருவுல நிக்கிற மாதிரி இருக்கும்மா அதுங்களுக்கு" என்றார். சாயம் உரிகிறதென்று உன் பிளாஸ்டிக் கோட்டையை எடுத்துப் போட்டது நான்தான்.

அன்றே அப்பா கால்வாய்க் கரையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லும் ஒரு கட்டையும் கொண்டுவந்தார். கல்லில் வினிகர் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புக் கல், தண்ணீரின் தன்மையையே மாற்றிவிடும். ஒதுக்கினேன். கட்டையாவது என்னிடம் தப்பட்டும் என்று, நான் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனதும் அதைத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்! மரம் குடித்த சோப்பு எளிதில் வெளியேறாது. இப்போது அதன்மேல் செருப்பு வைக்கிறோம். "உன்கிட்ட பாஸாகணும்னா கட்டையும் பட்டம் வாங்கிட்டுத்தான் வரணும்" என்று இரண்டு வேளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிறகு இருவருமாகக் கால்வாய்க் கரைக்குப் போனோம். சேர்ந்து நடந்து வெகுநாளாயிற்று. நன்றாகக் காய்ந்த, நகத்தால் அழுத்தினால் உதிராத வேர்க்கட்டை ஒன்று அகப்பட்டது. பூச்சிமருந்து அடிக்காத மூலையில், மீன்களுக்கு நல்லதென்று பாதாம் மரத்தின் பழுத்து உதிர்ந்த இலைகளும். கட்டையை வேகவைத்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, "டீச்சர், வெந்துருச்சான்னு எப்படிப் பாப்பீங்க?" என்றாள். தானாக மூழ்கும்வரை ஊறப்போட்டு, இலைகளோடு வாளியில் முதலில் தொட்டி நத்தைகளை விட்டு, அவை நிம்மதியாக மேய்வதைப் பார்த்த பின்புதான் தொட்டியில் வைத்தேன்.

தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. அப்பா பதறினார். மரத்தின் சாறுதான், கெடுதல் இல்லை என்றேன். உள்ளூர எனக்கும் உதறல்தான்.

இன்று காலை அப்பா போட்ட கூச்சலில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "இங்க ஓடி வாயேன், குஞ்சு பொரிச்சிருக்கா!" தூசியாக இருக்கும் என்றேன். கல்லூரி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண்கள்! வேரின் பொந்திலிருந்து மகாராணி படை நடத்திக்கொண்டு வெளியே வந்தாள். நான் கைதட்டினேன். நம்பமாட்டாய், அப்பா சாட்சி.

தொட்டியை எடுத்துப்போகக் கடைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடியாது என்றாயே, வந்து பார்.

குஞ்சுகள் வளர்ந்தால் இன்னொரு தொட்டி வேண்டும். உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இடமிருக்கிறது என்கிறார் அப்பா. உன்னைக் கேட்காமல் அந்த அறையில் ஒரு நாற்காலியைக்கூட நான் நகர்த்தியதில்லை. எங்கே வைப்பதென்று நீயே வந்து சொல்லிவிட்டுப் போ.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

அம்மா