எதிர் வீட்டு வக்கீலின் பார்சல்

அண்ணா,

எதிர் வீட்டு வக்கீலுக்கு இன்னொரு பார்சல் வந்திருக்கிறது. அவர் வீடு பூட்டியிருந்ததால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அவர் சாயங்காலம் வந்துவிடுவார். வாசலில் வைத்துவிட்டு நழுவாதே. மணியடித்து, கையில் கொடு.

பெட்டியைக் கண்டால் உனக்கு முதலில் கத்தரிக்கோல், பிறகுதான் மேலே எழுதிய பெயர். போன வாரம் அவருடைய டோப்பாவைப் பிரித்து, தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தாய். நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டேப் ஒட்டி என்னிடம் கொடுத்தனுப்பியது நீ. "பிரிச்சுப் பாத்தியாப்பா?" என்று அவர் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. முன்பெல்லாம் படியில் நிறுத்தி, "படிப்பு எப்படிப் போகுது?" என்று விசாரிப்பார். இப்போது என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"விடுடா, அவரு மறந்திருப்பாரு" என்று நேற்று சொன்னாய். மறக்கவில்லை. பிரித்தது நீதான் என்று இன்று சொல்லிவிடு.

சோறு குக்கரில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

பி.கு.: கத்தரிக்கோலை என் பையில் எடுத்துப்போகிறேன். சந்தேகம் என்று இல்லை. சரி, சந்தேகம்தான்.

இன்னொன்று: தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடிந்து நான் வரும்வரை இரு. சேர்ந்தே போகலாம். நான் பக்கத்தில் நிற்கிறேன். பேச வேண்டியது மட்டும் நீ.